மாமாவின் மூட எண்கள்

எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்த வாரத்தில்தான் எங்கள் வகுப்பில் எண்களை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. சிராங்கூன் சாலையை ஒட்டிய தேக்காவில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா ஆக நான்கு பேர். நான் ஆங்கிலப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். என் கன்னங்கள் இரண்டும் சீனர்கள் ஆவியில் வேகவைக்கும் பாவ் ரொட்டி போல உப்பிக்கொண்டதும் டாக்டர் வந்து பார்த்து, பத்து நாள் பள்ளிக்கு அனுப்பக்கூடாது என்றார். அம்மா டாக்டரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தன் கழுத்தில் கிடந்த இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டாள். பொன்னுக்கு வீங்கினது பொன்னைக் கண்டால் இறங்கிவிடுமாம்.

மாமாவால் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தங்கத்தைக் கண்டு வீக்கம் வடியும் என்றால் நகைக்கடைக்காரர் வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சலே வரக்கூடாதே என்று கேட்டார். அம்மா எனக்கு மிளகு ரசம் ஊற்றினாள். ஒன்பதாம் நாள் வீக்கம் வடிந்தது. மருந்தால் என்று மாமாவும், சங்கிலியால் என்று அம்மாவும் சொன்னார்கள். அப்பா பேருந்தில் டிக்கெட் பரிசோதகர். நாள் முழுக்க ஆட்களோடு வாதாடிவிட்டு வருகிறவர் என்பதால் வீட்டில் அபிப்பிராயம் எதுவும் வைத்துக்கொள்வதில்லை.

மாமாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்குச் சீட்டு எழுதும் எழுத்தர். வீட்டில் இருக்கும்போதும் வெளியே போகும்போதும் கறுப்புச் சட்டைதான். கடவுள் இல்லை, சாதி இல்லை, ராகு காலம் இல்லை, சகுனம் இல்லை. சாதகம் பார்க்காத வீட்டில் பெண் கிடைத்தால்தான் கல்யாணம் என்று அவர் சொல்லிவிட்டதால், அம்மா மூன்று வருடமாகப் பார்த்துவைத்த பெண்கள் எல்லாம் வேறு வீடுகளுக்கு வாழப் போய்விட்டார்கள். அவருடைய சாதகத்தை அம்மா அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். கையில் கிடைத்தால் கிழித்துவிடுவார் என்ற பயம்.

நான் பள்ளிக்குத் திரும்பிய அன்று பக்கத்து இருக்கைச் சீனத் தோழி தன் நோட்டைக் கொடுத்து உதவினாள். முத்து முத்தான கையெழுத்து. அதில் எண்கள் இரண்டு வகை என்று இருந்தது. ஒன்று ரேஷனல், இன்னொன்று இர்ரேஷனல். முழு எண்களும் பின்னங்களும் ரேஷனல். பின்னமாக எழுதவே முடியாதவை இர்ரேஷனல். இரண்டின் வர்க்கமூலம், மூன்றின் வர்க்கமூலம், வட்டக் கணக்கில் வரும் பை ஆகியவை அந்த வகை. பக்கத்தின் கடைசி வரியில், தசமமாக எழுதினால் முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் எண் இர்ரேஷனல் என்று எழுதி ஒரு காற்புள்ளி வைத்திருந்தாள். அந்தக் காற்புள்ளியை நான் கவனிக்கவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டதால் நோட்டை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

சாப்பிடும்போது அப்பா, இன்று என்ன பாடம் என்று வழக்கம்போலக் கேட்டார். கேட்டுவிட்டு அவர் பதிலைக் கவனிப்பதில்லை. அன்று மாமா கவனித்துவிட்டார். ரசம் சாதத்தில் இருந்த கை அப்படியே நின்றது.

"என்ன சொன்னே? ரேஷனலா?"

ஆமாம் என்றேன். அவர் எச்சில் கையோடு எழுந்துபோய் இடது கையால் அகராதியை எடுத்துப் புரட்டினார். அது அவர் ஆங்கிலச் செய்தித்தாளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளும் தடித்த அகராதி. முதல் சொல்லுக்குப் பகுத்தறிவுக்கு உகந்த என்று போட்டிருந்தது. இரண்டாவதற்குப் பகுத்தறிவுக்கு ஒவ்வாத, மூடத்தனமான என்று இருந்தது. மாமா அதை இரண்டு முறை உரக்கப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்படி ஒரு மரியாதையோடு யாரும் அதற்கு முன் என்னைப் பார்த்ததில்லை.

எட்டு எந்தப் பக்கம் என்று கேட்டார். ரேஷனல் என்றேன். எட்டு எங்கள் வீட்டில் பெரிய விவகாரம். எட்டாம் தேதியில் அம்மா புதுத் துடைப்பம்கூட வாங்க மாட்டாள். ஆனால் கீழ்க்கடையை அடுத்திருந்த சீனத் தையல்காரர் அதே எட்டைச் சிவப்பு எழுத்தில் எழுதிக் கதவுக்கு மேலே மாட்டியிருந்தார். பதின்மூன்று எப்படி என்று கேட்டார் மாமா. அதுவும் ரேஷனல்தான் என்றேன். மாமா தொடையில் தட்டிக்கொண்டார்.

"கேட்டியாக்கா? எட்டும் பதிமூணும் பகுத்தறிவு எண்ணாம். ஸ்கூல்லயே சொல்லிக் கொடுக்கிறாங்க."

"ஸ்கூல்ல சொன்னா சனீஸ்வரன் கேட்டுக்குவாரா?" என்றாள் அம்மா. "முதல்ல வந்து கையைக் கழுவு."

விகிதமுறு எண், விகிதமுறா எண் என்று அவற்றுக்கு நல்ல தமிழ்ப் பெயர்கள் உண்டென்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்று எங்கள் வீட்டில் அவை பகுத்தறிவு எண், மூட எண் என்றே பெயர் பெற்றன.

மாமா ஒரு வாலிபர் மன்றத்தில் உறுப்பினர். தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட கூடத்தில் மன்றம் கூடும். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை சொற்பொழிவு. மாமாவும் நான்கு வருடமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நன்றியுரை மட்டும். அவர் எழும்போது பாதிக் கூட்டம் தேநீரை நோக்கி எழுந்துவிடும். அந்த மாதம் வழக்கமான பேச்சாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மன்றத் தலைவர் வேறு வழியில்லாமல் மாமாவைச் சிறப்புரை ஆற்றச் சொன்னார். தலைப்பு என்னவென்று அவர் கேட்டதும், மாமா தயங்காமல் 'எண்ணிலும் மூடமுண்டு' என்று சொல்லிவிட்டு வந்தார்.

மூன்று வாரம் வீட்டில் பேச்சுப் பயிற்சி நடந்தது. நான்தான் கணக்கு ஆலோசகர். அவர் முதலில் இரண்டின் வர்க்கமூலத்தைச் சொல்லிப் பார்த்தார். நாள் முழுக்க மூட்டை தூக்கியவர்களிடம் போய் வர்க்கமூலம் என்றால் எழுந்து போய்விடுவார்கள் என்று அவருக்கே பட்டது. எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒரு மூட எண் வேண்டும் என்றார். நான் யோசித்தேன். முடிவே இல்லாமல் ஓடும் தசமம் என்று நோட்டில் இருந்ததே. ஒன்றை ஏழால் வகுத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டே இருந்தது. ஏழில் ஒரு பங்கு மூட எண் என்று அறிவித்தேன். ஒரு சந்தேகமும் இல்லையே என்று மாமா கேட்டார். ஒரு சந்தேகமும் இல்லை என்றேன். அது உண்மை. எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

பேச்சு நடக்கும்போது நானே கரும்பலகையில் வகுத்துக் காட்டுவது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை புறப்படும்போது, மேடை ஏறுகிற பிள்ளைக்குக் கண் பட்டுவிடும் என்று அம்மா என் காதுக்குப் பின்னால் மையால் ஒரு பொட்டு வைத்தாள். பஸ் நிறுத்தத்தில் மாமா கைக்குட்டையை எச்சிலில் நனைத்து அதை அழித்துவிட்டார்.

கூடத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். குளித்து, எண்ணெய் தடவி வாரிய தலைகள். ஒரு பக்கம் பெண்கள். பின்வரிசையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் அங்கே அவர்களுக்கு இலவச வகுப்பு. அவர்களுக்கு நடுவே மடியில் சாக்குக்கட்டிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. நான் எழுதப்போகும் கரும்பலகை அவருடையது என்று எனக்கு அப்போது தெரியாது.

மாமா நன்றாகவே பேசினார். வீட்டில் கேட்டபோது இருந்ததைவிடக் குரல் கனமாக இருந்தது. மனிதரில்தான் மூடர் உண்டு என்று நினைத்தோம், எண்ணிலும் உண்டு என்று இன்றைய பள்ளிக்கூடமே ஒப்புக்கொண்டுவிட்டது என்றதும் கைதட்டல். எட்டுக்கு அஞ்சுகிறவர்களே, அது பகுத்தறிவு எண், அஞ்சாதீர்கள் என்றதும் இன்னொரு கைதட்டல். அவர் கையைக் காட்டியதும் நான் பாதியைத் தசமமாக எழுதினேன். கால் பங்கை எழுதினேன். இரண்டும் சமர்த்தாக முடிந்தன. பிறகு ஏழில் ஒரு பங்கு. ஒன்று, நான்கு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு என்று இலக்கங்கள் வந்தன. மறுபடியும் ஒன்று, நான்கு, இரண்டு. பலகையின் ஓரம் வரை எழுதிவிட்டு நின்றேன்.

"பாருங்கள்," என்றார் மாமா. "போகிறது, போகிறது, எங்கும் போய்ச் சேரவில்லை. சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறது. கோயில் பிரகாரத்தைச் சுற்றும் கூட்டத்துக்கும் இந்த எண்ணுக்கும் என்ன வேறுபாடு?"

கூடம் அதிர்ந்தது. நன்றியுரை ஆற்றிய நான்கு வருடங்களுக்கும் சேர்த்து அவருக்குக் கை தட்டினார்கள். நான் பலகைக்குப் பக்கத்தில் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு நின்றேன்.

கைதட்டல் அடங்கியபோது பின்வரிசையில் அந்தப் பெண் கையைத் தூக்கியிருப்பதைப் பார்த்தேன். வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போலவே தூக்கியிருந்தார். மாமா பெருந்தன்மையோடு தலையசைத்தார்.

"மன்னிக்கணும். அது சுத்திச் சுத்திப் பழைய இடத்துக்கே வருதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்படி வந்தா அது ரேஷனல்தான்."

மாமா என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். அந்தப் பெண் நடந்து வந்து என் கையிலிருந்த சாக்குக்கட்டியை வாங்காமல், ஆறு இலக்கம் முடிந்ததும் மீதி என்ன வருகிறது என்று என்னிடமே கேட்டார். ஒன்று என்றேன். ஆரம்பத்தில் என்ன எண்ணை வைத்துக்கொண்டு வகுக்கத் தொடங்கினாய் என்றார். ஒன்று என்றேன். அப்படியானால் இனிமேல் புதிதாக ஏதாவது வர வழி இருக்கிறதா என்றார். இல்லை என்று சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. முடிந்துபோகும் தசமமும் ரேஷனல், முடியாவிட்டாலும் வந்ததே திரும்பத் திரும்ப வருவதும் ரேஷனல், முடியவும் முடியாமல் வந்த வரிசையே திரும்பியும் வராமல் போய்க்கொண்டே இருப்பதுதான் இர்ரேஷனல் என்று அவர் கூட்டத்துக்கு விளக்கினார். அந்தப் பெயர் ரேஷியோ என்ற சொல்லிலிருந்து வந்தது, விகிதம் என்று அர்த்தம், மூடத்தனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னார்.

முன்வரிசையில் இருந்த ஒரு தொழிலாளி, டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்லா என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. மாமாவின் நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக் கறுப்புச் சட்டைக் காலருக்குள் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைவர் நாற்காலியில் நெளிந்தார். இனி மாமா நன்றியுரைகூடச் சொல்ல முடியாது என்று நினைத்தேன். எல்லாம் என்னால்.

திரும்பிப் போகத் தொடங்கிய அந்தப் பெண் பாதியில் நின்றார். மாமாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஆனா ஒண்ணு. பின்னம்னா பகுக்கிறதுதானே? பகுத்து அறியிற எண்ணுன்னா அது பகுத்தறிவு எண்தான். பேரு நீங்க வெச்சது தப்பில்ல. உதாரணம்தான் தப்பு."

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். அந்தச் சிரிப்பில் மாமாவைக் குத்துகிறது எதுவும் இல்லை. மாமாவும் சிரிக்கப் பார்த்தார். பேச்சில் இன்னும் நான்கு பக்கம் மீதி இருந்தது. அவர் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பஸ்ஸில் வரும்போது நான் அழுதேன். மாமா திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் தோழியின் நோட்டைக் கேட்டார். நான் படித்து நிறுத்திய பக்கத்தைக் காட்டினேன். அவர் அந்தக் காற்புள்ளியின் மேல் விரலை வைத்தார். பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கத்தின் முதல் வரியில், வந்த இலக்கங்களே திரும்பத் திரும்ப வராமலும் இருந்தால் என்று எழுதியிருந்தது.

"இந்த ஒரு பக்கத்தைப் புரட்டியிருக்கக் கூடாதா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் நின்றுவிட்டு, அந்த டீச்சருக்கு என்ன பெயர் என்று தெரியுமா என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். தன்னை மறுத்தவர் யாரென்று தெரிந்துகொள்வது ஒரு பேச்சாளனின் கடமை என்று விளக்கினார். அதற்காகத்தான் கேட்டாராம்.

அந்தக் கடமையை அவர் வாராவாரம் செய்தார். டீச்சர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மதியமும் மன்றக் கூடத்தில் வகுப்பு நடத்துவார். என் கணக்கு அறிவு இவ்வளவு பலவீனமாக இருப்பது குடும்பத்துக்கே அவமானம் என்று மாமா என்னை அந்த வகுப்பில் சேர்த்தார். அங்கே மற்றப் பிள்ளைகளுக்கு எட்டு, ஒன்பது வயது. நான் பின்வரிசையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து அவர்களோடு வாய்ப்பாடு சொன்னேன். மாமா வாசலில் உட்கார்ந்திருப்பார். வகுப்பு முடிந்ததும் உள்ளே வந்து, பிள்ளைக்கு ஒரு சந்தேகம் என்று ஆரம்பிப்பார். எனக்கு அந்தச் சந்தேகம் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியவரும்.

பை என்பதற்குப் பதிலாக இருபத்திரண்டின் கீழ் ஏழு போடுகிறோமே, அது பின்னம்தானே, பிறகு பை எப்படி இர்ரேஷனல் ஆகும் என்று ஒரு வாரம் கேட்டார். அந்தப் பின்னம் பைக்குப் பக்கத்து வீடு, அதே வீடு இல்லை என்றார் டீச்சர். அன்று இரவு சாப்பிடும்போது மாமா அதைத் தானே கண்டுபிடித்தது போல அப்பாவிடம் சொன்னார். இன்னொரு வாரம், எந்தப் பின்னத்தை எடுத்தாலும் ஏன் சுற்றி வந்துதான் ஆகவேண்டும் என்று கேட்டார். ஏழால் வகுத்தால் மீதி ஆறுக்கு மேல் போகாது, ஆகவே எப்போதாவது பழைய மீதி வந்துதானே தீரும் என்று டீச்சர் சொன்னதும், மாமா அலுவலகத்தில் சரக்குச் சீட்டுகளின் முதுகில் வகுக்கத் தொடங்கினார். பதினேழால் வகுத்தார். பத்தொன்பதால் வகுத்தார். பிறகு தொண்ணூற்றேழில் கை வைத்தார். அதற்குத் தொண்ணூற்றாறு இலக்கம் போன பிறகுதான் மறுபடி ஆரம்பத்துக்கு வரும். மாமாவுக்கு நூற்றுப்பத்து போட்டும் வரவில்லை. சீட்டுகளை ஒட்டி ஒட்டி ஒரு முழ நீளத்துக்குச் சுருட்டி எடுத்துக்கொண்டு, கடைசியில் ஓர் உண்மையான மூடனைப் பிடித்துவிட்டேன் என்று போனார். டீச்சர் அதை மேசையில் விரித்து, பென்சிலால் ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டுக்கொண்டே போய் ஓரிடத்தில் கழித்தலில் பிசகியிருப்பதைக் காட்டினார். அதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. தவறு பிடிபட்டதற்காக இவ்வளவு சந்தோஷப்படும் மனிதரை நான் பார்த்ததில்லை.

இதற்குள் அவரிடம் வெள்ளைச் சட்டை ஒன்று வந்திருந்தது. அம்மா காரணம் கேட்டாள். மாமா கணக்குப் படிக்கிறார் என்று நான் உள்ளதைச் சொன்னேன். பதவி உயர்வுப் பரீட்சைக்குத்தான் படிக்கிறான் என்று அம்மாவே முடிவு செய்துகொண்டாள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். படிப்பு சொல்லிக்கொடுக்கிறவருக்கு என்று முறுக்குச் சுட்டு டின்னில் போட்டுக் கொடுத்தாள். மாமா எதையும் மறுக்கவில்லை. டின்னை வாங்கிக்கொண்டார்.

இப்படி நான்கு மாதம் ஓடியது. பிறகு ஒரு நாள் தேக்கா சந்தையில் தெரிந்த பெண் ஒருவர் அம்மாவிடம், உங்கள் தம்பி ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயில் கேட்டுக்கு வெளியே நிற்கிறாரே, வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர் ஆகிவிட்டாரா என்று கேட்டுவிட்டார். அம்மா பாதிக் காய்கறியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். என்னை உட்காரவைத்து விசாரித்தாள். நான் மறைக்க என்ன இருக்கிறது? டீச்சர் பூசை முடிந்து வெளியே வருவார், மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் சந்தேகம் வரும் என்றேன். டீச்சர் ஆணா பெண்ணா என்று அம்மா கேட்டாள். இத்தனை நாள் யாரும் கேட்காததால் நான் சொல்லியிருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாமாவுக்குக் கப்பல் வேலை. நானும் அம்மாவும் பஸ் ஏறினோம். அம்மா வழி முழுக்க உதட்டை அசைத்துக்கொண்டு வந்தாள். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக் காதைக் கொடுத்தேன். என் தம்பியை விட்டுவிடு, எங்கள் குலம் வேறு, உங்கள் குலம் வேறு என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் பாடம் நின்றுபோய்விடுமே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

நாங்கள் போனபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. நான் முன்னால் ஓடி என் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன், அம்மா மெதுவாகப் பின்னால் வந்தாள். பெற்றோர் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து டீச்சர் பின்வரிசையில் உட்காரச் சொன்னார். அம்மா எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்று பின்னப் பாடம். அரையில் பாதி என்ன என்று டீச்சர் கேட்டார். கால் என்று எல்லோரும் கத்தினார்கள். காலில் பாதிக்குத் தமிழில் என்ன பெயர் என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

"அரைக்கால்," என்றாள் அம்மா.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அதில் பாதி என்று கேட்டார். வீசம் என்று பதில் வந்தது. அதற்கும் கீழே உண்டா என்றார். அம்மா ஒப்பித்துக்கொண்டே போனாள். அம்மாவின் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். எடை போடும்போது கூடவே நின்று சொல்லிப் பழகியதாம். முன்னூற்று இருபதில் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர் என்றாள். பிள்ளைகள் எல்லோரும் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். டீச்சர் பலகையில் ஒவ்வொன்றாக எழுதினார். எழுதி முடித்துவிட்டு, ஏழில் ஒரு பங்குக்கு என்ன பெயர் என்று கேட்டார்.

அம்மா யோசித்தாள்.

"அதுக்குப் பேரு கிடையாது. ஏழு பேரு வந்தா ஆளுக்கு ஒரு தோசை ஊத்திட வேண்டியதுதான். ஒண்ண ஏழாப் பிய்க்கிற வீட்டுல யாரு கை நனைப்பா?"

டீச்சர் சிரித்த சிரிப்பில் சாக்குக்கட்டி கை தவறி விழுந்து உடைந்தது. அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு, தான் எதற்கு வந்தோம் என்பது ஞாபகம் வந்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பிள்ளைகள் போன பிறகு, நான் இன்னாருடைய அக்கா என்று அம்மா சொன்னாள். டீச்சரின் முகம் மாறியது. அவர் பலகையை அழிக்கத் தொடங்கினார். அழித்த இடத்தையே மறுபடி அழித்தார். அம்மா பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எதையும் சொல்லவில்லை.

"என் தம்பிக்கு இன்னும் எவ்வளவு சந்தேகம் பாக்கி இருக்கு?"

"தெரியலக்கா. வாராவாரம் புதுசு புதுசா வருது."

"எப்பவாவது முடியுமா?"

டீச்சர் துணியைக் கையில் சுற்றினார். "முடியும்னு தோணல," என்றார்.

அம்மா எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள். வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். பிறகு கணக்கோடு ஒட்டாத ஒரு கேள்வியைக் கேட்டாள். நீ பிறந்தது என்ன மாதம், என்ன தேதி, பகலா இரவா என்று கேட்டாள். டீச்சர் தேதியைச் சொல்லி, வெள்ளிக்கிழமை விடியற்காலை என்று அவருடைய அம்மா சொல்வார் என்றார். எதற்கு என்று கேட்டதற்கு, சும்மாதான் என்றாள் அம்மா.

அடுத்த தை மாதம் டீச்சர் எனக்கு அத்தை ஆனார். பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மாலை உண்டு, மந்திரம் இல்லை. அத்தையின் அப்பா வரவில்லை. முதல் குழந்தை பிறந்த பிறகுதான் வந்தார். அத்தை ஞாயிறுதோறும் பூசைக்குப் போனார். மாமா கேட் வரைக்கும் போய் வெளியே நின்றார். இருவரும் கடைசிவரை அவரவர் பக்கத்திலேயே இருந்தார்கள்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்ததும் அம்மா அரிசி டின்னுக்குள் கையை விட்டு மஞ்சள் தடவிய ஒரு தாளை எடுத்துக்கொண்டு உடனே வெளியே போனாள். மாமா வேலை முடிந்து அப்போதுதான் படியேறி வந்தார். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா பிறந்த தேதி கேட்டதைச் சொன்னபோது அவர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கீழே வைத்தார்.

"விடியக்காலம்னா எத்தனை மணி? நாலரையா, அஞ்சரையா? சரியாக் கேட்டியா?"

நான் கேட்கவில்லை என்றேன். அரை மணி வித்தியாசத்தில் எல்லாமே மாறிவிடும் என்று எரிந்து விழுந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

சிராங்கூன் சாலையில் கோயிலுக்குப் பக்கத்துச் சோதிடரின் அறை எங்கள் மாடி ஜன்னலிலிருந்து தெரியும். மாமா இன்றைக்குச் சோதிடரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடப் போகிறார் என்று எனக்கு ஒரே குதூகலம். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்றேன். அவர் உள்ளே போகவில்லை. எதிர்ப்பக்கத்து நடைபாதையில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காலை மாற்றி மாற்றி நின்றார். வெகுநேரம் கழித்து அம்மா வெளியே வந்து, தூணைப் பார்த்துத் தலையை ஒரு முறை மேலும் கீழும் ஆட்டினாள். மாமா சாலையைக் கடந்து ஓடி அவள் கைப்பையை வாங்கிக்கொண்டார். இருவரும் பக்கத்துக் கடையில் நின்று ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாமல் தேநீர் குடித்தார்கள்.

சண்டையே நடக்கவில்லை. எனக்குப் பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது.